வாய் மூடாத பெட்டி

மேசைமேல் மூன்று பெட்டிகளையும் வைத்துவிட்டு ஏலத்தோட்டத்துச் சின்ன முதலாளி டிஜோவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றும் உள்ளங்கையில் அடங்குகிற அளவுதான். சுவரில் மாட்டினால் அறை எத்தனை டிகிரி இருக்கிறதென்று பார்த்து ஹீட்டரைப் போடும், அணைக்கும். தெர்மோஸ்டாட் என்று பெயர். முதல் பெட்டியில் ஒரு திருகு மட்டும் உண்டு. திருப்பி வைத்தால் வைத்த சூட்டில் நிற்கும், அதற்குமேல் அதற்கு ஒன்றும் தெரியாது. இரண்டாவதை ஃபோனிலிருந்து இயக்கலாம், எத்தனை மணிக்கு எரிய வேண்டும், எத்தனை மணிக்கு அணைய வேண்டும் என்று சொல்லி வைக்கலாம். மூன்றாவதுதான் ராஜா. அறைக்குள் ஆள் வந்தால் அதற்கே தெரியும், தானே சூடாக்கும். ஆள் போய்விட்டால் தானே அணைக்கும். சன்னலைத் திறந்து போட்டால் கண்டுபிடிக்கும். காற்றில் எவ்வளவு ஈரம் என்று அளக்கும். இத்தனையையும் நிமிடத்துக்கு நிமிடம் எழுதி வைத்து, எர்ணாகுளத்தில் உட்கார்ந்திருக்கிற முதலாளிக்குக் கோடு போட்டுப் படமாகவும் காட்டும்.

மூன்றாவதைத்தான் எடுக்கச் சொன்னேன். அதை விற்றால் எனக்குக் கூடுதலாக ஒன்றும் வந்துவிடாது. எல்லாம் பெருமைதான். சக்குபள்ளத்தில் ஏலத்தோட்ட லயத்தில், பத்துக்குப் பத்து அறையில், ஒரு குண்டு பல்புக்குக் கீழே வளர்ந்தவன் நான். கம்பத்தில் எலக்ட்ரிகல் படித்து, குமுளியில் ஒரு கடை போட்டு, ரிசார்ட்டுகளுக்கு ஃபோனில் விளக்கு எரிய வைத்துக் கொடுக்கிற ஆளாகிவிட்டேன். என் பெயர் பாண்டித்துரை. இங்கே கேரளத்தில் முதல் பாதியைத் தனியாகச் சொன்னால் அது பெயராக இருக்காது, தமிழனைத் திட்டுகிற வசவாகிவிடும். அதனால் கடை போர்டில் துரை என்று மட்டும் எழுதியிருக்கிறேன். முதலாளி மகன் ஒருவன் என்னைப் பார்த்து, "நீ பற துரை, ஏதா நல்லது?" என்று, எது நல்லதென்று என்னையே சொல்லச் சொல்லிக் கேட்கும்போது, நல்லதிலேயே நல்லதைக் காட்டாமல் இருக்க எனக்கு மனசு வரவில்லை.

அப்போது கட்டன் சாயா எடுத்துக்கொண்டு மதினி வந்தாள். என் அண்ணன் பெரியமுத்துவின் சம்சாரம், முருகேஸ்வரி. அண்ணன் டிஜோவின் தோட்டத்தில் மருந்தடிக்கிறவர். மதினி பதினைந்து வருசம் அங்கேயே ஏலக்காய் எடுத்துவிட்டு, இப்போது டிஜோவின் ஹோம்ஸ்டேயில் அறை கூட்டித் துடைத்து, விரிப்பு மாற்றி, காலைச் சாப்பாடும் செய்து தருகிறாள். தம்ளரை வைத்துவிட்டு, டிஜோ ஃபோன் பேச வெளியே போன சமயம் பார்த்துப் பெட்டிகளை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்த்தாள். இது என்ன செய்யும், அது என்ன செய்யும் என்று நானும் உற்சாகமாக விளக்கினேன். எல்லாம் கேட்டுவிட்டு அவள் ஒன்றுதான் கேட்டாள்.

"இதுல எது தம்பி வாய மூடிக்கிட்டுக் கெடக்கும்?"

நான் சிரித்தேன். மதினி எப்போதும் என்னைக் கேலி பண்ணுகிறவள்தான். கல்யாணமாகி வந்த புதிதில் நான் ஒன்பதாம் வகுப்பு, வயர் தின்னி என்று எனக்குப் பட்டப்பெயர் வைத்தவளும் அவளே. இதுவும் அந்த வகை என்று நினைத்துக்கொண்டேன். அவள் முதல் பெட்டியை, அந்தத் திருகுப் பெட்டியை, கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்துவிட்டுத்தான் கீழே வைத்தாள். அதைக் கவனித்தேன், ஆனால் யோசிக்கவில்லை.

அந்த ஹோம்ஸ்டே முன்னால் ஏலக்காய் ஸ்டோராக இருந்தது. ஸ்டோர் என்றால் எங்கள் பக்கத்தில் கடை கிடையாது, பச்சைக் காயை உலர்த்துகிற கட்டிடம். ஒரு ஓரத்தில் அடுப்பு எரியும், அதன் சூடு கனத்த இரும்புக் குழாய் வழியாகக் கட்டிடம் முழுக்கச் சுற்றிவரும், தட்டுத் தட்டாகக் காய் பரத்தியிருக்கும். டிஜோவின் அப்பா ஜின்சன் முதலாளி இருந்தவரை அந்த அடுப்பு அணைந்ததில்லை. அவர் காலமான மறுவருசமே டிஜோ அடுப்பை இடித்துவிட்டான். காயை இப்போது ரோட்டோரத்தில் கூலிக்கு உலர்த்தித் தருகிற இடத்துக்கு வண்டியில் அனுப்புகிறார்கள். கட்டிடத்தை நாலு அறையாகத் தடுத்து, மரத்தரை போட்டு, பழைய ஸ்டோரில் தங்குங்கள் என்று விளம்பரம் செய்கிறார்கள். பழமை தெரிய வேண்டும் என்று நாலாம் அறையில் மட்டும் குழாயை எடுக்காமல் விட்டிருக்கிறான். இடுப்பு உயரத்தில் சுவர் நீளத்துக்கு ஓடுகிற குழாய், கறுப்பு பெயின்ட் அடித்துப் பளபளப்பாக இருக்கும். அதற்கு நேர் கீழே என் ஹீட்டர் பலகை.

குழாய்க்கு மேலே சுவரில் ஒரு பெரிய படம். மழையில் காய் எடுக்கிற பெண்கள், தலையில் பிளாஸ்டிக் தாள், பல் தெரியச் சிரித்துக்கொண்டு நிற்கிறார்கள். முன்னால் நிற்கிறது வேலுத்தாய். கம்பம் பக்கத்திலிருந்து விடிவதற்கு முன்னாலேயே ஜீப்பில் மலையேறி வந்து, நாலு மணிக்கு இறங்கிப் போகிற கூட்டத்தில் அவள்தான் மூத்தவள். படத்தில் பச்சை ஸ்வெட்டர் போட்டிருக்கிறாள். எடுத்தது யாரோ கொச்சியிலிருந்து வந்த போட்டோக்காரன். வேலுத்தாய் இந்தப் படத்தைப் பார்த்ததில்லை. பார்க்க வேண்டுமென்றால் அவள் நாலாம் அறைக்குள் வர வேண்டும். அறை கூட்டுகிறவளைத் தவிர தோட்டத்து ஆள் யாரும் வாசலைத் தாண்டக் கூடாதென்று டிஜோ முதல் நாளே சொல்லியிருந்தான்.

மாசியில் மாட்டிக் கொடுத்தேன். ஆடியில் எர்ணாகுளத்திலிருந்து டிஜோ கூப்பிட்டான்.

குரல் வேறு மாதிரி இருந்தது. ஒரு படம் அனுப்பியிருக்கிறேன், பார்த்துச் சொல் என்றான். பார்த்தேன். நாலாம் அறை, பத்து நாள் கணக்கு. அந்தப் பத்து நாளும் அறையில் யாரும் தங்கவில்லை. ஆனால் தினமும் காலை எட்டு மணிக்கு யாரோ கையால் திருகி வைத்து ஹீட்டர் எரியத் தொடங்குகிறது, முப்பது டிகிரி. காற்றில் ஈரம் கிடுகிடுவென்று ஏறுகிறது. முதல் இரண்டு மணி நேரம் சன்னல் திறந்திருக்கிறது, பிறகு சாத்துகிறார்கள். அதன்பின் ஈரம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, நாலு மணிக்கு நின்றுபோகிறது. எட்டிலிருந்து நாலு வரை அறைக்குள் ஆள் இருந்ததாகப் பெட்டி ஒரு நாள்கூடச் சொல்லவில்லை. அதன் கண்ணை யாரோ துணி போட்டு மூடியிருக்க வேண்டும் என்று எனக்கு உடனே புரிந்தது. டிஜோவுக்கும் புரிந்திருந்தது.

"மொதல்ல ரெண்டு மணிக்கூர் ஜன்னல் தொறந்து ஈரம் கழியணும், பின்னே அடைக்கணும். இது எண்ட அப்பன் காய் உணக்குற கணக்கு, துரை. இவிடே காய்தான் உணக்குறாங்க. நீ பற, இல்லைன்னு பற."

உணக்குவது என்றால் உலர்த்துவது. தோட்டத்தில் பச்சைக் காய் களவு போவது புதிதில்லை. எடுப்புக்கு எடுப்பு எடை குறைகிறது என்று அவனும் இரண்டு மாதமாகப் புலம்பிக்கொண்டிருந்தான். ஹாஸ்டலில் வளர்ந்த பையன், காயைப் பற்றி அவனுக்குத் தெரிந்தது அப்பா சொன்ன இந்த ஒற்றை வரிதான். அந்த ஒற்றை வரியை வைத்துக்கொண்டு என் மதினியைக் கள்ளி என்று முடிவு செய்துவிட்டான். நாளை மூன்று மணிக்கு வருகிறேன், நீயும் வா, இந்தப் படம் என்ன சொல்கிறதென்று நீயே எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும், போலீஸ் ஸ்டேஷனில் கொடுக்க வேண்டும் என்றான். அவள் உன் அண்ணன் சம்சாரம் என்று எனக்குத் தெரியும், அதனால்தான் நீ எழுதினால் எடுபடும் என்றும் சொன்னான். என்ன நெஞ்சழுத்தம் பாருங்கள். நான் கோபப்படவில்லை. சரி சார் என்று சொல்லிவிட்டு ஃபோனை வைத்தேன். அந்த 'சரி சார்' இன்றைக்கும் என் தொண்டையில் மீன் முள்ளாகக் குத்திக்கொண்டிருக்கிறது.

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்கள். நான் அதைவிட மேல். முதலாளி காசில் சொந்த வீட்டுக்கே வைத்தவன். தோட்டத்தில் களவு என்று பேர் வந்தால் வேலை மட்டும் போகாது. லயத்து வீடு போகும், அண்ணன் வேலையும் கூடவே போகும், அதற்குப் பிறகு இந்த மலையில் எந்தத் தோட்டத்திலும் சேர்க்கமாட்டார்கள். குழந்தைகள் பள்ளிக்கூடத்தில் காய்க்கள்ளி பிள்ளைகள் ஆகும். அன்றைக்கு ராத்திரி முழுக்க அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பார்க்கப் பார்க்க எனக்கும் அது காயாகவே தெரிந்தது. அதுதான் கேவலம். பதினைந்து வருசமாகத் தெரிந்த மனுசியை விட்டுவிட்டு, ஐந்து மாசத்துக்கு முன்னால் நானே சுவரில் மாட்டிய ஒரு பெட்டியை நம்பினேன்.

மறுநாள் இரண்டு மணிக்கே போய்விட்டேன். மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. மதினி சமையலறையில் தரையில் உட்கார்ந்து தலையணை உறைகளை மடித்துக்கொண்டிருந்தாள். டிஜோ மூன்று மணிக்கு வருகிறான், படம் வந்திருக்கிறது, ஸ்டேஷன் வரை பேச்சு போய்விட்டது என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவள் மடிப்பதை நிறுத்தாமல் கேட்டாள். இந்த விஷயம் ஏற்கெனவே தெரியும் என்கிற மாதிரி ஒரு முகம். அதைப் பார்த்ததும் எனக்கு இன்னும் பதறியது. குரலைத் தாழ்த்திக் கேட்டுவிட்டேன்.

"மதினி, காயா?"

கை அப்படியே நின்றது. என்னை நிமிர்ந்து பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். யாரோ தெரியாத ஆள் கதவைத் தட்டி வழி கேட்டால் பார்ப்பார்களே, அப்படிப் பார்த்தாள்.

"ஒங்களுக்கும் காயாத்தான் தெரிஞ்சுச்சா? அப்பப் பெட்டிக்கிட்டயே கேளுங்க. எல்லாம் சொல்லும்னு சொன்னீகளே."

இடுப்பில் செருகியிருந்த சாவியை எடுத்துத் தரையில் வைத்து என் பக்கமாகத் தள்ளிவிட்டாள். உறைகளை மறுபடி மடிக்கத் தொடங்கிவிட்டாள்.

நாலாம் அறையின் கதவைத் திறந்தேன். முதலில் வந்தது வாசம். அதுவே போதும். ஏலக்காய் உலர்ந்த அறை ஒரு மாசம் ஆனாலும் காட்டிக்கொடுத்துவிடும். ஸ்டோரில் வேலை செய்த ஆள் பஸ்ஸில் ஏறினால் கடைசி சீட்டு வரை தெரியும். இங்கே காய் வாசம் மருந்துக்கும் இல்லை. ஈரக் கம்பளி வாசம், தேங்காய் எண்ணெய், விக்ஸ், ஜீப் புகை. சுவர் நீளத்துக்கு ஓடுகிற அந்தப் பளபளப்பான குழாய்மேல், கீழே தரையில் பழைய பேப்பர் விரித்து, ஏழு ஸ்வெட்டர்கள் வரிசையாகத் தொங்கின. ஒன்றிரண்டில் முழங்கை கிழிந்து வேறு நிற நூலால் தைத்திருந்தது. கடைசியில் தொங்கியது பச்சை. நேர் மேலே படத்தில், அதே ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு வேலுத்தாய் சிரித்துக்கொண்டிருந்தாள். என் பெட்டிமேல் ஒரு சின்னத் துண்டு, ஆணியில் மாட்டிப் பாந்தமாகத் தொங்கவிட்டிருந்தது.

எல்லாம் விளங்கிவிட்டது. கம்பத்து ஜீப்பில் பின்பக்கம் திறந்த படுதா, மலையேறும் ஒன்றரை மணி நேரமும் சாரல் உள்ளேதான் அடிக்கும். வந்து இறங்கும்போது ஸ்வெட்டர் பிழிகிற பதத்தில் இருக்கும். அதைக் கழற்றி வைத்துவிட்டு, பழைய சட்டையும் பிளாஸ்டிக்குமாகக் காட்டுக்குள் போவார்கள். சாயங்காலம் அதே ஈர ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு மறுபடி ஒன்றரை மணி நேரம் இறங்கினால் மறுநாள் காய்ச்சல்தான். வேலைக்கு வராத நாளுக்குச் சம்பளம் கிடையாது. ஸ்டோர் இருந்த காலத்தில் இதற்கு ஒரு வழக்கம் இருந்தது. காலையில் வந்ததும் ஸ்வெட்டரை ஸ்டோரின் வெளிச் சுவரில், குழாய் வெளியே வருகிற இடத்தில் தொங்கவிடலாம். உள்ளே விடக் கூடாது, காய்க்கு மணம் பிடித்துவிடும். வெளியே எத்தனை வேண்டுமானாலும் தொங்கவிடலாம். ஜின்சன் முதலாளி நல்லவர் வல்லவர் என்று நான் சொல்லவரவில்லை, கூலியில் அவர் பிடித்த பிடி எங்கள் அம்மாவுக்குத் தெரியும். ஆனால் அந்தச் சுவரை அவர் யாருக்கும் இல்லை என்று சொன்னதில்லை. சின்ன வயதில் மழை நாளில் நாங்களும் அதில் முதுகைச் சாய்த்து நின்றிருக்கிறோம். அடுப்பை இடித்த அன்று அந்தச் சுவரும் குளிர்ந்துபோனது, அதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கட்டிடத்துக்குச் சூடு வேண்டுமென்று மறுபடி தோன்றியபோது என்னைக் கூப்பிட்டார்கள். நானும் மூன்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

முப்பது டிகிரி. அங்கேயே நின்று எனக்கு நானே தலையில் அடித்துக்கொண்டேன். முப்பது டிகிரியில் எந்தக் காய் உலரும்? ஐம்பது வேண்டும், பதினெட்டு மணி நேரம் வேண்டும். முப்பதில் வைத்தால் காய் புழுங்கி நாறும். டிஜோவுக்குத் தெரியாமல் இருக்கலாம். லயத்தில் பிறந்த எனக்குமா தெரியாது?

மூன்றரைக்குத்தான் டிஜோ வந்தான். ஷூவைக் கழற்றிவிட்டு நேராக நாலாம் அறைக்கு வந்தான். மதினியும் பின்னால் வந்து கதவோரம் நின்றாள். அவன் குழாயைப் பார்த்தான், ஸ்வெட்டர்களைப் பார்த்தான், மூக்கைப் பொத்திக்கொண்டான். காகிதத்தைக் குனிந்து தூக்கிப் பார்த்தான், கட்டிலுக்கு அடியில் பார்த்தான், அலமாரியைத் திறந்தான். ஒரு காய் கிடைக்குமா என்று பார்க்கிறான். கிடைக்கவில்லை என்றதும் அவன் முகத்தில் நிம்மதி வரும் என்று நான் காத்திருந்தேன். உன் வீட்டில் களவு நடக்கவில்லை என்று தெரிந்தால் சந்தோஷம்தானே வர வேண்டும்? அவனுக்கு வந்தது ஏமாற்றம். பிறகு அது அருவருப்பாக மாறியதையும் பார்த்தேன்.

மதினி பேசினாள். சத்தமாகப் பேசவில்லை.

"சின்ன மொதலாளி, நான் காய் களவாண்டேன்னு சொன்னீகளாம். இப்ப நீங்களே தேடிப் பாத்துட்டீக. இல்லன்னு ஆச்சு. மத்தது எதுவா இருந்தாலும் பின்னாடி பேசுவோம். மொதல்ல நான் களவாங்கலன்னு ஒங்க வாயால சொல்லுங்க."

டிஜோ அவளைப் பார்க்கவே இல்லை. என்னைப் பார்த்துப் பேசினான்.

"காய் எடுத்திருந்தாகூட நான் க்ஷமிச்சிருப்பேன், துரை. இது கெஸ்ட் கிடக்குற ரூம். இவங்க விசர்ப்பும் சேறும் கொண்டு வந்து இதில தூக்கி இடுறதா?"

விசர்ப்பு என்றால் வேர்வை. களவைவிட வேர்வை மோசம் என்று ஒருவன் என் முன்னால் நின்று சொல்கிறான். அந்த வேர்வை சிரிக்கிற படத்தை அதே சுவரில் ஆணியடித்து மாட்டியிருக்கிறான். ஊரிலிருந்து வருகிறவர்கள் அந்தப் படத்துக்குப் பக்கத்தில் நின்று செல்ஃபி எடுத்துக்கொள்கிறார்கள். மதினி அப்போதும் அதே இடத்தில்தான் நின்றாள். சொல்லுங்க என்று இன்னொரு தரம் கேட்டாள். அவன் சொல்லவில்லை. அவளுடைய வேலையைப் பற்றி நாளை தீர்மானிக்கிறேன் என்று என்னிடம் சொன்னான், அவளிடம் இல்லை.

அடுத்து எனக்கு ஒரு வேலை கொடுத்தான். புக்கிங் இல்லாத நாளில் யார் உள்ளே வந்தாலும், யார் திருகினாலும் இந்த அறையில் சூடு வரக் கூடாது, இப்போதே பூட்டு என்றான். பூட்டுகிற வசதி அந்தப் பெட்டியில் உண்டு. மாசி மாதம் நான்தான் அதையும் பெருமையாக விளக்கியிருந்தேன். தன் ஃபோனைத் திறந்து என் கையில் கொடுத்தான். கூடவே அந்தக் கையெழுத்தையும் ஞாபகப்படுத்தினான். காய் இல்லைதான், ஆனாலும் பெட்டி காட்டியதை எழுதித் தந்துவிடு, ஒரு ரெக்கார்டு இருக்கட்டும் என்றான்.

"எழுதித் தாரேன் சார். முப்பது டிகிரியில ஏலக்கா காயாது, புழுங்கித்தான் போகும், இது ஏலத்தோட்டத்துல பொறந்த சின்னப்பிள்ளைக்கும் தெரியும்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாரேன். அத ஸ்டேஷன்ல குடுங்க."

நான் இப்படிப் பேசுவேன் என்று அவன் எதிர்பார்க்கவில்லை. உண்மையைச் சொன்னால் நானும் எதிர்பார்க்கவில்லை. மதினி என்னைத் திரும்பிப் பார்த்தாள். மன்னித்துவிட்டாள் என்றெல்லாம் சொல்லமாட்டேன், ஆனால் வழி கேட்டவனைப் பார்க்கிற பார்வை இல்லை. நான் போய்ப் பெட்டிமேல் கிடந்த துண்டை எடுத்து மடித்து அவள் கையில் கொடுத்தேன். பெட்டியின் கண் திறந்துகொண்டது.

டிஜோ ஹீட்டரை முன்னமே ஃபோனில் அணைத்திருந்தான். அப்படி அணைத்தால், வாசலில் புதிதாக ஆள் நுழையும்போதுதான் பெட்டி மறுபடி எரிய வைக்கும். அறை மெல்லக் குளிர்ந்துகொண்டிருந்தது. நான் பூட்டுகிற பக்கத்தைத் தேடி எடுத்தேன். இந்த அறையைப் பூட்டவா என்று ஃபோன் கேட்டது. கீழே இரண்டு கட்டம், ஆம், வேண்டாம்.

அப்போதுதான் பின்பக்கம் பேச்சுக் குரல் கேட்டது. நாலு மணி. காய் எடுக்கிறவர்கள் வந்துவிட்டார்கள். வழக்கமாக மதினி ஸ்வெட்டர்களை அள்ளிக்கொண்டு போய்ச் சமையலறைப் பின்வாசலில் கொடுத்துவிடுவாளாம், யாரும் உள்ளே வந்ததில்லை. இன்றைக்கு அவள் குழாயிலிருந்து ஒன்றையும் எடுக்கவில்லை. விறுவிறுவென்று போய்த் தாழ்வாரத்து முன்கதவை, விருந்தாளிகள் வருகிற பெரிய கதவை, இரண்டு பக்கமும் அகலத் திறந்துவிட்டாள்.

"வேலுத்தாயக்கா, பின்னாடி வேணாம். இப்படி வாங்க. எல்லாரும் உள்ள வாங்க, ஒங்க துணிய நீங்களே எடுத்துக்கங்க."

முற்றத்தில் தண்ணீர்க் குழாய் திறக்கிற சத்தம் கேட்டது. ஒவ்வொருத்தியாகக் காலைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். டிஜோ என்னைப் பார்த்து, பூட்டு, பூட்டு என்று கையைக் காட்டினான். வேலுத்தாய் முதலில் வந்தாள். பிளாஸ்டிக் தாளை வெளியிலேயே கழற்றிப் போட்டிருந்தாள், சட்டை முழுக்க நனைந்து உடம்போடு ஒட்டிக்கிடந்தது, விரல் நுனியெல்லாம் காய் எடுத்த கறை. நாலாம் அறையின் நிலையில் தயங்கி நின்றாள். டிஜோவைப் பார்த்தாள், மதினியைப் பார்த்தாள். மதினி தலையசைத்ததும் காலைத் தூக்கி உள்ளே வைத்தாள்.

சுவரில் பெட்டி பச்சையாக ஒளிர்ந்தது. குழாய்க்குக் கீழே ஹீட்டர் 'டக்' என்றது. என் கையில் ஃபோன் ஒரு முறை அதிர்ந்தது. நாலாம் அறையில் ஆள் இருக்கிறது, சூடாக்குகிறேன் என்று எழுத்து வந்தது.

பின்னாலேயே மற்றவர்களும் வந்தார்கள், மொத்தம் ஏழு பேர். வேலுத்தாய் குழாயிலிருந்து பச்சை ஸ்வெட்டரை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள்.

"இன்னுங் கொஞ்சம் ஈரம் இருக்கு முருகேசு. ஜீப்பு வர கால் மணி ஆகும்."

சொல்லிவிட்டு அதை மறுபடி குழாயிலேயே போட்டாள். திரும்பி நின்று, இரண்டு கையையும் பின்னால் கொண்டுபோய் குழாயைப் பிடித்துக்கொண்டு, முதுகைச் சாய்த்தாள். மற்றவர்களும் அவளுக்கு இரண்டு பக்கமும் இடம் பார்த்துச் சாய்ந்து நின்றார்கள். யாரும் மேலே படத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை. டிஜோ என்னிடம் கையை நீட்டிக்கொண்டிருந்தான், ஃபோனுக்காக. அதில் அந்த இரண்டு கட்டமும் இன்னும் அப்படியே இருந்தன. நான் ஃபோனைக் கொடுக்காமல் ஏழு பேரையும் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர்கள் சட்டைகளிலிருந்து மெல்ல ஆவி எழும்பத் தொடங்கியிருந்தது.